செங்கல்லுக்கு இந்தப் பக்கம்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு, நம்மிடையே வாழும் ஒரு சாதாரண மனிதரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். "உங்களப் பத்தியே எழுதுங்களேன், பாலகிருஷ்ணன் அண்ணே" என்று செயலாளர் சொன்னார். எழுதலாம்தான். நான்காம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். தேக்கா சந்தையில் கூடை சுமந்தவன். இன்று கிராஞ்சியில் எனக்குச் சொந்தமாக ஏழு லாரி ஓடுகிறது. அந்தப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் பாதிக்கு மண்ணும் உரமும் என் வண்டியில்தான் போகின்றன. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைதான், அதற்கென்ன? ஆனால் சாதாரண மனிதன் என்ற கணக்கில் நான் வரமாட்டேன். அதனால் என்னிடம் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிய மாசிலாமணியைப் பற்றி எழுதுகிறேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், அவன் இவன் என்றே எழுதுவேன். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாசிலாமணிக்கு வயது அறுபத்தொன்று. பிடோக்கில் மூவறை வீடு. மனைவி சரசு, ஒரே மகள் இளமதி. ஒடிசலான உடம்பு, எப்போதும் நீல முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அவனுடைய லைசென்ஸ் இருக்கும். "குளிக்கும்போது மட்டுந்தான் இவரு அதை விட்டுப் பிரியறாரு" என்று சரசு கேலி செய்வாள். கேலி செய்தாலும் அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த அட்டையால்தான் என்று அவளுக்கும் தெரியும். "எனக்கு ஓட்டத் தெரியும்ணே. வேற ஒண்ணும் தெரியாது" என்று மாசிலாமணியே சொல்வான்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு சம்மன் கிடையாது. ஒரு குற்றப் புள்ளி கிடையாது. விடியற்காலையில் தங்கும் விடுதிக்குப் போய், ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் நம் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாக இறக்கிவிடுவது அவன் முதல் வேலை. மழை வலுத்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவான். பின்னால் இருப்பவர்கள், "ஆமை அண்ணே, பசிக்குது, எடுங்கண்ணே!" என்று கூப்பாடு போடுவார்கள். "பசியோட போனா சாப்பிட்டுக்கலாம்லா. உசிரோட போகணும் முதல்ல" என்பான்.

ஒரு நாள் நான் சொல்லியே கேட்காமல் இருந்திருக்கிறான். கூடுதலாக நாலு பேரை ஏற்றிக்கொண்டு போ என்றேன். வண்டியை அணைத்தான், இறங்கினான், சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். "நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பின்னாடி ஏறிக்கிறேன்." அத்தனை பேர் முன்னால் எனக்கு வந்த கோபத்தில் அவனை அன்றைக்கே அனுப்பியிருப்பேன். அனுப்பவில்லை. ஏழு லாரிக்கும் அவனைப் போல ஒருவன் வேண்டும் என்று புரிகிற அளவுக்கு எனக்குப் படிக்காத புத்தி உண்டு.

இப்படிப்பட்டவன் ஒரு சின்ன வெள்ளைக் காரில் போய் விழுந்தான். அதுவும் ஓடாத கார்.

அது இளமதியின் கார். அவளை அவள் கம்பெனி ஒரு வருஷத்துக்குப் பெர்த் நகருக்கு அனுப்பியது. காரை விற்றுவிட்டால், இந்த ஊரில் கார் விற்கிற விலைக்குத் திரும்பி வந்து இன்னொன்று வாங்க முடியாது. அதற்காக ஓட்டாத காருக்கு ஒரு வருஷம் சாலை வரியும் இன்சூரன்சும் கட்டுவானேன்? படித்த பெண், வழி கண்டுபிடித்தாள். இந்தக் கார் இத்தனை மாதம் சாலைக்கு வராது என்று முறையாக எழுதிக் கொடுத்துவிட்டால் வரி இல்லை. இன்சூரன்சையும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. கார் பொது இடத்தில் நிற்கக் கூடாது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடமும் பொது இடம்தான். சொந்த வளாகம் வேண்டும். பிடோக்கில் மூவறை வீட்டுக்காரனுக்கு வளாகம் எங்கே இருக்கிறது?

"என் யார்டுல கொண்டாந்து போடு" என்றேன். லாரிகள் நிற்கிற என் சொந்த இடம் அது. அன்றைக்கு நான் அதைச் சொன்ன தோரணை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையை இப்படி விரித்து, ஒரு சாம்ராஜ்யத்தையே எழுதி வைக்கிறவன் போலச் சொன்னேன்.

இன்சூரன்ஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே மாசிலாமணி காரைக் கொண்டுவந்து, யார்டின் மூலையில், கொய்யா மரத்தடியில் நிறுத்தினான். இளமதி விமானம் ஏறும் முன் யார்டுக்கு வந்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. உள்ள நிக்கிற வரைக்கும் இது வெறும் இரும்பு. கேட்டுக்கு வெளிய ஒரு டயர் போச்சுன்னாலும் இது இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. ஓட்டினவங்க லைசென்ஸ் போயிடும். கார் லைசென்ஸ் மட்டும் இல்ல, லாரியும் சேத்து. ஒரு வருஷம். சீரியஸா சொல்றேன்."

"எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். ஆனா உங்களுக்கு யாராவது ஏதாவது கேட்டா இல்லன்னு சொல்ல வராது."

"அதெல்லாம் சொல்லுவான். என்கிட்டயே சொன்னவன்" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மாசிலாமணி ஒரு செங்கல் கொண்டுவந்தான். கேட்டுக்கு நாலடி உள்ளே, தரையோடு தரையாகப் பதித்தான். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு தடவினான். காருக்கு அதுதான் எல்லை. சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் வந்து, பேட்டரி செத்துப் போகாமல் இருக்க எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிடுவான். டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் இருக்க முன்னால் இரண்டு முழம், பின்னால் இரண்டு முழம் நகர்த்துவான். பிறகு இறங்கிப் போய் செங்கல்லைப் பார்ப்பான். கார் அதன் பக்கத்தில்கூடப் போயிருக்காது. ஆனாலும் பார்ப்பான்.

"என்னய்யா, செங்கல்லு ஓடிப் போயிடுமா?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"செங்கல்லு போகாதுண்ணே. மனுசன்தான் போவான்" என்றான்.

மாதங்கள் போயின. கார் கண்ணாடியில் கொய்யா இலை விழுந்து மக்கியது. சக்கரத்தைச் சுற்றி லாலாங் புல் வளர்ந்தது. மழைக்காலத்தில் உள்பக்கம் பூஞ்சை பிடித்து ஒரு வாடை வந்தது. பிரேக் தட்டில் துரு ஏறிவிட்டது என்று மாசிலாமணி சொன்னான். நகர்த்தும்போது அது கரகரவென்று ஒரு சத்தம் போடும். யார்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த நாய் அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து நின்று குரைக்கும். வேறு எந்த வண்டிக்கும் அது குரைத்ததில்லை. அப்போது நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நிற்கிறது.

ஆயுத பூஜை வந்தது.

என் யார்டில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. பக்கத்துப் பண்ணைச் சீனர்கள்கூட வந்து வேடிக்கை பார்ப்பார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் ஏழு லாரியும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையில் நிற்கும். கேம்பல் லேனிலிருந்து ஆளுயர மாலைகள். கேலாங் பக்கத்திலிருந்து ஐயர். சுண்டல், கேசரி, நாற்பது பேருக்குச் சாப்பாடு. முறை என்னவென்றால், ஐயர் தீபம் காட்டித் தேங்காய் உடைத்ததும் ஒவ்வொரு வண்டியாகச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும். சந்தின் முனை வரை போய்த் திரும்பி, கிழக்கு பார்த்து உள்ளே வந்து நிற்கும். முப்பது வருஷமாக என் யார்டில் இதுதான் வழக்கம். இதை ஏற்படுத்தியவனே நான்தான்.

அன்றைக்கு ஏழு லாரியும் போய் வந்தன. ஐயர் தாம்பாளத்தைக் கீழே வைக்கப் போனார். எனக்கு அந்த வெள்ளைக் கார் கண்ணில் பட்டது.

"ஐயரே, இன்னும் ஒண்ணு இருக்கு."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தான். "அதுக்கு வேணாம்ணே. அது ஓடாத வண்டி."

"ஓடாட்டி என்ன, வண்டி வண்டிதானேய்யா. எல்லாத்துக்கும் செஞ்சுட்டு அதை மட்டும் மூலையில விட்டா நல்லாவா இருக்கும்? பொண்ணு வெளிநாட்டுல இருக்கு."

மகளைச் சொன்னதும் அவன் தளர்ந்தான். பொட்டு வைப்பதில் தப்பில்லை என்று நினைத்திருப்பான். காரைக் கழுவினார்கள். கேட்டுக்கு நேராக, செங்கல்லுக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். ஐயர் முன் கண்ணாடியில் விபூதியை மூன்று பட்டையாக இழுத்து நடுவில் சந்தனத்தை அப்பினார். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். தேங்காய் இரண்டாக, சுத்தமாக உடைந்தது. மாசிலாமணி காரை ஒரு முழம் நகர்த்தி நிறுத்தினான். மூன்று பழம் நசுங்கியது. பின் சக்கரத்துப் பழம் ஒன்று வழுக்கி, முழுசாக உருண்டு வெளியே வந்தது.

கூட்டத்தில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள்.

"திருப்பி வைங்க, திருப்பி வைங்க" என்றான் மாசிலாமணி சன்னல் வழியாக.

"ஒரு தடவ வச்சத எடுத்துத் திருப்பி வைக்கிறதில்ல" என்றார் ஐயர்.

"அதான் வழக்கப்படி வெளிய போயிட்டு வந்துடேன். தோஷம் எதுவும் நிக்காது" என்றேன் நான்.

"அண்ணே, இன்சூரன்ஸ் இல்லண்ணே."

"சாமி வண்டிக்கு என்னய்யா இன்சூரன்ஸ்? சந்து முனைக்கும் கேட்டுக்கும் எவ்வளவு தூரம்? இந்தச் சந்துல என் வண்டியத் தவிர எவன் வர்றான்?"

"அண்ணே..."

"கற்பூரம் எரியுதுய்யா! எரியும்போது இல்லன்னு சொல்லுவியா?"

இதைத்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் இதைத்தான். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஆமை அண்ணே கார்ல போறாரு, ஓரம் போ, ஓரம் போ!" என்று ஒருவன் கத்தினான். நான் முன்னால் போய், அந்தச் செங்கல்லைக் காலால் தட்டிப் பெயர்த்து ஓரமாகத் தள்ளினேன்.

கூடுதலாக நாலு பேரை ஏற்றச் சொன்னபோது என் முகத்துக்கு நேராக மறுக்கத் தெரிந்தவன் அவன். எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் அவனுக்கு மறுக்கத் தெரியவில்லை. நம் ஆட்களில் யாருக்குத்தான் தெரியும்? அவன் ஒரு முறை செங்கல் கிடந்த குழியைப் பார்த்தான். ஒரு முறை என்னைப் பார்த்தான். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். கார் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே போனது. நாய் குரைத்தது.

சந்து முனை வரை ஒழுங்காகத்தான் போனான். திரும்பி வரும்போது வெயில் எதிரே அடித்தது. கண்ணாடியில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம். பண்ணை வளைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மாசிலாமணி பிரேக்கை மிதித்தான். துருப் பிடித்த பிரேக் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிடித்தது. பெரிய மோதல் எதுவும் கிடையாது. கார் மூக்கு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டது, அவ்வளவுதான். சைக்கிள் சாய்ந்தது. ஓட்டி வந்தவர் கையை ஊன்றிப் புல்லில் விழுந்தார்.

அவர் பெயர் முகம்மது யூசுப். பக்கத்து மீன் பண்ணையில் மேற்பார்வையாளர். நாற்பது வயதிருக்கும். நாங்கள் ஓடிப் போவதற்குள் எழுந்து நின்று கால்சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல. என் வண்டிக் கண்ணாடிதான் ஒடஞ்சு போச்சு. பூஜை நாள்ல மனசு கஷ்டப்படாதீங்க."

மாசிலாமணி காரை விட்டு இறங்கி நின்றான். "கை எப்படி இருக்கு தம்பி? மடக்கிப் பாருங்க. வலிக்குதா? ஆஸ்பத்திரி போவோம். போலீசுக்குச் சொல்லிடுவோம்."

"அடிபட்டவரே ஒண்ணுமில்லங்கிறாரு. நீ ஏன்யா கூட்டத்தக் கூட்டற?" என்றேன். யூசுப்பின் சைக்கிளை என் யார்டுக்கே தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தேன். கேசரியும் கட்டிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போனார். பிரச்சினையை எப்படித் தீர்ப்பது என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கு நாற்பது பேரிடமும் சொன்னேன்.

மாசிலாமணி சாப்பிடவில்லை. காரைக் கொய்யா மரத்தடியில் நிறுத்திவிட்டு, செங்கல்லை எடுத்து வந்து பழைய இடத்தில் பதித்தான். குழியில் அது பொருந்தவில்லை. மண்ணைப் போட்டுப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் யூசுப் எனக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. கை வீங்கிருச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க. மணிக்கட்டுல எலும்பு விரிஞ்சிருக்காம். ஆறு வாரம் கட்டு. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க, பொய் சொல்ல வரல. போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கணும்கிறாங்க. கார் நம்பர் சொல்ல வேண்டியிருக்கு."

"நான் வேற வழி பாக்குறேன் தம்பி. ரெண்டு நாள் பொறுங்க."

"நாளைக்குள்ள கொடுக்கணும் மாமா."

மாசிலாமணியை ஆபீஸுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்கு இந்த ஊரில் யார் யாரைத் தெரியும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்.

"கேட்டுக்கு உள்ள நடந்துச்சுன்னு சொல்லிடு. அவரு சைக்கிள்ல யார்டுக்குள்ள வந்தாரு, நீ காரை நகர்த்துனே, பட்டுச்சு. யார்டு என்னுது. உள்ள நடந்ததுக்கு இன்சூரன்ஸ் எதுக்கு? யூசுப் கிட்ட நான் பேசுறேன். நல்ல மனுசன், கேப்பாரு."

"நல்ல மனுசன்தாண்ணே. அதான் அவரப் பொய் சொல்லச் சொல்லப் போறீங்களா?"

"உன் லைசென்சுக்காகச் சொல்றேன்யா!"

அவன் கதவைத் திறந்தான். வெளியே போய்க் கொய்யா மரத்தடியில் நின்று மகளுக்குப் போன் செய்தான். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. இவன் குரல் மட்டும் கேட்டது. "ஆமாம்மா... வெளியதான்... நீ சொன்ன... நீ சொல்லித்தான் இருந்த... அழாதம்மா, உன் பேர்ல எதுவும் வராது. நான் பாத்துக்கிறேன்."

அடுத்த நாள் காலை லாரி கிளம்பவில்லை. விடுதியில் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று போன் வந்தது. மாசிலாமணி எங்கே என்று சரசுவைக் கேட்டேன். "விடிஞ்சதும் கெளம்பிட்டாரே அண்ணே. உபிக்குப் போறேன்னாரு. புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு" என்றாள். உபியில்தான் போக்குவரத்துப் போலீஸ் இருக்கிறது. யூசுப் போய்ச் சேருவதற்குள் இவனே போய்ச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். விசாரணை என்றால் உடனே நடப்பதில்லை. வாரம் போகும், ஒரு கடிதம் வரும். இன்னொரு வாரம் போகும். அந்த நாட்களில் மாசிலாமணி லாரி ஓட்டினான். முன்னைவிட மெதுவாக ஓட்டினான். பின்னால் யாரும் ஆமை என்று கத்தவில்லை. முனைக்கு முனை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்ப்பான், ஆள் அரவமே இல்லாத இடத்தில்கூட. தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவான். நான் தைரியம் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது. இருபத்தாறு வருஷ ரெக்கார்ட பாத்தா எந்த நீதிபதியும் விட்டுடுவாரு." "ரெக்கார்டப் பாப்பாங்கண்ணே. ஆனா சட்டத்த விட முடியாதுல்ல" என்றான்.

கோர்ட்டுக்கு முதல் நாள் எனக்குத் தூக்கம் இல்லை. வாக்குமூலம் வாங்கிய அதிகாரி நிரஞ்சனா என்று ஒரு தமிழ்ப் பெண். மாசிலாமணியிடம் அவர் ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்டாராம். "உங்களை யார் எடுக்கச் சொன்னது?" அன்று மாலை யார்டில், லாரிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே அவன் இதைச் சொன்னான்.

"என்ன சொன்ன?"

"யாரும் சொல்லலன்னு சொன்னேன்."

"ஏன்யா?"

"பொண்ணு எடுக்கச் சொல்லல. அது நிசம்."

"நான் சொன்னேனே."

அவன் குழாயை மூடினான். "நீங்க ஆயிரம் சொல்லுவீங்கண்ணே. முன்னயும் சொல்லியிருக்கீங்க. நான் சாவியக் கையில குடுத்திருக்கேன். அன்னைக்கும் குடுத்திருக்கலாம். குடுக்கல. ஸ்டியரிங்கு என் கையிலதானே இருந்துச்சு."

ஏழு லாரிக்காரன், வாய்க்குப் பஞ்சமில்லாதவன், பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

கோர்ட்டில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம். பன்னிரண்டு மாதம் எந்த வகை வண்டியும் ஓட்டத் தடை. தடைக்காலம் முடிந்த பிறகும் முதல் எழுத்துத் தேர்விலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும், அறுபத்திரண்டு வயதில். லைசென்ஸைக் கொடு என்றார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுக்க முடியாமல் அவன் விரல் வழுக்கியது. இத்தனை வருஷத்தில் அது உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கிருந்த அதிகாரி, "பரவால்ல அங்கிள், அப்படியே கொடுங்க" என்றார். உறையோடு கொடுத்தான்.

மறுநாளும் யார்டுக்கு வந்தான். பிடோக்கிலிருந்து இரண்டு ரயில் மாறி, கிராஞ்சியில் அரை மணிக்கு ஒருமுறை வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தான். நான் என்ன வேலை கொடுப்பது என்று யோசிப்பதற்குள் தானே துடைப்பத்தை எடுத்தான். அவன் ஓட்டிய லாரியை ராஜீவ் என்ற புது ஆள் கேட்டுக்கு வெளியே எடுத்துப் போனான். வேகமாக எடுத்தான். மாசிலாமணி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, வளைவு தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு மத்தியானம் நான் என் மகனிடமும் கேட்கவில்லை, வக்கீலிடமும் கேட்கவில்லை. உபிக்குப் போனேன். அந்த நிரஞ்சனாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். என்னை யாரும் அரை மணி நேரம் உட்கார வைத்ததில்லை. உட்கார்ந்திருந்தேன்.

"மாசிலாமணி கேஸ்ல ஒண்ணு விட்டுப் போச்சும்மா. யார் எடுக்கச் சொன்னதுன்னு கேட்டீங்களே. நான்தான் எடுக்கச் சொன்னேன். அவன் வேணாம்னான். இன்சூரன்ஸ் இல்லன்னும் சொன்னான். நான் தெரிஞ்சுதான் சொன்னேன். நாப்பது பேர் சாட்சி."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். "ஐயா, இதைச் சொன்னா அவரோட தண்டனை மாறிடும்னு நெனைக்கிறீங்களா?"

"மாறாதா?"

"மாறாதுங்க. அவர் ஓட்டினது ஓட்டினதுதான். ஆனா சட்டத்துல இன்னொரு வரி இருக்கு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய ஓட்டினவங்களுக்கு மட்டும் இல்ல, ஓட்ட வச்சவங்களுக்கும் அதுதான். தெரிஞ்சுதான் சொல்றீங்களா? யோசிச்சுக்கிட்டு வேணா நாளைக்கு வாங்க."

"எழுதுங்கம்மா" என்றேன்.

எழுதினாள். தமிழில் எனக்குப் படித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. என் லைசென்ஸ் ஐம்பது வருஷத்து லைசென்ஸ். முதல் தடவையிலேயே தேறினேன், அந்தக் காலத்தில், இங்கிலீஷ் எழுத்துத் தெரியாமல். எழுபத்துமூன்று வயதிலும் யார்டுக்கு நானே வண்டி ஓட்டித்தான் போகிறேன். இந்த மூன்று வாரமாக ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும், இதுதான் கடைசியோ என்று தோன்றுகிறது. மாசிலாமணிக்கு அந்த வெள்ளைக் காரில் இப்படித்தான் இருந்திருக்கும். அவனுக்கு ஒரு சந்து தூரம். எனக்கு மூன்று வாரம்.

நேற்றுக் காலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. நிரஞ்சனாதான். வியாழக்கிழமை பத்து மணிக்கு வர வேண்டும், லைசென்ஸைக் கையோடு கொண்டு வர வேண்டும் என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மாசிலாமணி எதிரே நின்றான், கையில் துடைப்பத்தோடு. வியாழக்கிழமை, பத்து மணி, லைசென்ஸ் என்று நான் திருப்பிச் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறான்.

"எதுக்குண்ணே போய்ச் சொன்னீங்க?" என்றான்.

"சொல்லணும்னு தோணுச்சு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு கேட்டான்.

"வியாழக்கிழமை எப்படிப் போவீங்க?"

"எப்படிப் போவேன்? என் வண்டியிலதான்."

"வண்டியில வேணாம்ணே. தேக்கா பஸ் ஸ்டாப்புல நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். எங்க எந்த பஸ் மாறணும்னு எனக்கு இப்ப தெரியும். வண்டிய எடுத்துட்டுப் போனீங்கன்னா, திரும்பி ஓட்டிட்டு வர விடுவாங்களான்னு தெரியல."